மல்லாட்டைப் புழுவும் சிவப்புக் கேப்சூலும்

"எல்லா மாத்திரையும் கொடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

விழுப்புரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய்க்காரர்களைப் பார்க்கிற அறை அது. பினாயில் வாசனை. மேசை ஓரத்தில் மூடி போட்ட சளி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றின்மேல் என் மனைவி செண்பகத்தின் பெயரை நீல மசியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவள் முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"கொடுத்தேன் டாக்டர்."

"சிவப்புக் கேப்சூல், சின்ன வெள்ளை மாத்திரை, ரெண்டுமே? ஒரு நாள் கூட விடாம?"

"கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன் டாக்டர். ரெண்டுமேதான்."

செண்பகம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். வருஷம் மறந்துவிட்டது, அந்தப் பார்வை மறக்கவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். கழுத்துச் சங்கிலியில் பொட்டு மாதிரி ஒரு சிலுவை.

"அப்ப கஷ்டம்தான்" என்றார். "ரெண்டையும் ஒழுங்கா சாப்பிட்டும் சளியில கிருமி திரும்ப வந்திருக்குன்னா, ரெண்டு மருந்துக்குமே அது அடங்கலைன்னு அர்த்தம். இந்த ரெண்டையும் எடுத்துட்டா என் கையில மிச்சம் இருக்கறதுக்குப் பலம் கம்மி. மெட்ராஸுக்கு எழுதிப் பார்க்கிறேன். நம்பிக்கை விட வேணாம்."

நம்பிக்கை விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எட்டாம் வகுப்பு படித்தவனுக்கும் தெரியும்.

நான் சொன்னது பொய். அந்த ஒரு பொய்யின் மேல்தான் அவர் என் மனைவிக்கு என்ன மருந்து என்று முடிவு செய்யப் போகிறார். அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சும்மா நின்றேன்.

ஒரு கார்டு

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் முன்னால் இந்தப் பத்தியில் என் பெண்ணின் பழைய பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். "நீர் தினம் திருநீறு பூசுகிறவர். உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்பதை ஒப்புக்கொள்கிறீரா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் எழுதவும்."

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் நான் ஏன் வாராவாரம் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்? எனக்குப் படிப்பு கிடையாது. என் கண்ணால் பார்த்தது மட்டும் உண்டு. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பார்த்ததில் பாதி மல்லாட்டை (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை) வயலில், பாதி என் வீட்டுக்குள்.

புழு குளித்த கதை

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தேன். மல்லாட்டை பூ விடுகிற சமயத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. சட்டை, வேட்டி, சாப்பாட்டுத் தூக்கு, எல்லாவற்றிலும் மருந்து நெடி ஏறிவிடும். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோப்பு போட்டால்தான் பூஜை மாடத்துக்குப் பக்கத்திலேயே போவேன்.

ஒரு பருவத்தில் புகார் ஆரம்பித்தது. மயிலம் பக்கத்து நாராயணசாமி என்ற விவசாயி, ஆள் வாட்டசாட்டமானவர், ஒரு நாள் காலி டின்னை எடுத்துவந்து கடைப் பலகைமேல் 'டங்'கென்று வைத்தார்.

"யோவ், இன்னாய்யா மருந்து குடுத்த? புழு அதுல குளிச்சிட்டு, தல துவட்டிக்கினு, மறுபடியும் எலய துன்னுது!"

"அதே கம்பெனி, அதே டின்னுங்க. போன வருஷம் நல்லா கேட்டுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போன வருஷம் மருந்து. இந்த வருஷம் தண்ணி. உன் மொதலாளி கொழாயத் தொறந்து ஊத்திக்கினு இருக்கறான், நீ மூடி போட்டுக்கினு இருக்கற."

"சத்தியமா இல்லீங்க."

"சத்தியமா? எங்க, திருவாமாத்தூர் வட்டப்பாறையில கைய வச்சி சொல்லு பாக்கலாம்!"

கடையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

திருவாமாத்தூர் விழுப்புரத்துக்குப் பக்கம். அங்கே சிவன் கோவில் வட்டப்பாறை முன்னால் நின்று பொய்ச்சத்தியம் செய்தவன் நல்லபடி வீடு போய்ச் சேரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை என்று கோர்ட்டுக்குப் போனவர்கள்கூட வழக்கை அங்கே கொண்டுபோய் முடித்துக்கொண்டது உண்டு. எனக்கும் அதில் பூரண நம்பிக்கை. இன்றைக்கும் அந்தப் பாறைமுன் ஒரு பொய் சொல்லு என்று சொன்னால் சொல்லமாட்டேன்.

போனோம். ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு நின்றோம். "நான் விற்ற மருந்தில் கலப்படம் இல்லை" என்று நான் சொன்னேன். அது உண்மை. சீல் வைத்த டின்னை நானே வண்டியிலிருந்து இறக்கினவன். "சொன்ன அளவு கலந்துதான் அடிச்சேன், புழு சாவல" என்று நாராயணசாமி சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அதுவும் உண்மையாகத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒரு மாசம் அவர் திண்டிவனம் வரும்போதெல்லாம் கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பார், நான் உயிரோடு இருக்கிறேனா என்று. நானும் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேருக்கும் ஜலதோஷம்கூட வரவில்லை.

அப்படியானால் பொய் சொன்னது யார்? எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. "வட்டப்பாறையில நின்னவன்யா, அவன் பொய் சொல்லமாட்டான்" என்று கடைத்தெருவில் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

மேல்தோல்

செண்பகத்துக்கு இருமல் வந்தது அதற்கு அடுத்த வருஷம். சளியில் ரத்தக் கோடு. விழுப்புரத்தில் பார்த்து, காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாசம் ஊசியும் கை நிறைய மாத்திரையும். இடுப்பில் கட்டி கட்டியாக வீங்கி, ஒருக்களித்துத்தான் படுப்பாள். ஆனால் இருமல் நின்றது. கன்னத்தில் சதை வந்தது. ஊசியை நிறுத்தி, இனிமேல் வீட்டிலேயே தினம் ஒரு சிவப்புக் கேப்சூலும் ஒரு வெள்ளை மாத்திரையும் சாப்பிட்டால் போதும் என்று, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து வாங்கிப் போகச் சொன்னார்கள்.

அவள் தேறியதற்காக நான் திருவாமாத்தூர் சாமிக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பதாக வேண்டியிருந்தேன். குடும்பமே சேர்ந்து விரதம்.

அந்தத் தலத்துக் கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆதியில் பசுக்களுக்குக் கொம்பு கிடையாதாம். புலியும் சிங்கமும் அடித்துத் தின்றன. பசுக்கள் அங்கே வந்து சிவனை வேண்டி நிற்க, சாமி கொம்பு கொடுத்தாராம். பசுக்கள் பூசை செய்த ஊர். எங்கள் வீட்டில் அன்றும் இன்றும் மாமிசம் இல்லை.

அது டப்பா நெய்யில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியிருந்த காலம். வீட்டில் எதை வாங்கினாலும் சந்தேகம். எங்கள் பஜனைக் குழுவின் தலைவர் சபாபதி, தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சனிக்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க வீட்ல செவப்பு கேப்சூல் சாப்பிடறாங்க இல்ல? அது மேல பளபளன்னு தோல் மாதிரி இருக்குதே, அது இன்னான்னு தெரியுமா?"

"பிளாஸ்டிக்குங்களா?"

"பிளாஸ்டிக்கு வயித்துல கரையுமா? மாட்டு எலும்ப காய்ச்சி எடுக்கற பசைங்க அது. படிச்சவங்க சொன்னாங்க. விரதத்துல இருக்கறீங்களேன்னு சொல்றேன், அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னதும் பொய்யில்லை. பசுவுக்குக் கொம்பு கொடுத்த சாமிக்கு விரதம் இருந்துகொண்டு, பசுவின் எலும்பை விழுங்குவதா?

வீட்டுக்கு வந்து சொன்னேன். செண்பகம் கேப்சூலை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"அந்த டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்."

"அவங்க வேற மதம். அவங்களுக்கு இது எங்க புரியப்போவுது? சிரிப்பாங்க. விரதம் முடியற வரைக்கும் வெள்ளை மாத்திரைய மட்டும் சாப்பிடு. அதுவும் மருந்துதானே."

"உங்க சாமி, உங்க விரதம். சொல்றத செய்யறேன்."

நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு குடம் தண்ணீர் ஒரே நடையில் எடுத்துவந்தாள். கேப்சூல் இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறாள், சாமி பார்த்துக்கொண்டார் என்று அப்புறமும் நான் அதைக் கொடுக்கவில்லை. மாசக்கணக்கில் வெள்ளை மாத்திரை மட்டும்தான். விழுப்புரத்தில் கொடுத்த சிவப்புக் கேப்சூலை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். மருந்தைக் குப்பையில் எறிவது பாவம் என்று தோன்றியது.

பிறகுதான் இருமல் திரும்ப வந்தது.

விக்கிரவாண்டி தாண்டி

பொய் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம். காற்று முகத்தில் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் பேசினாள்.

"ஏங்க."

"இன்னா?"

"நீங்க சொன்னா பொய்யா இருக்காதுன்னு திண்டிவனமே சொல்லுது."

நான் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பேரு கெடக்கூடாதுன்னு நான் சாவணுமா?"

"அப்படி இல்ல செண்பகம்..."

"அப்படித்தான். நான் அங்கயே சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணு முன்னால உங்க மூஞ்சி சின்னதாப் போறத பாக்க முடியாம கம்முனு இருந்துட்டேன். இனிமே அந்தப் பாவமெல்லாம் பாக்கறதா இல்ல. நாளைக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் இருமத் தொடங்கினாள். அந்த இருமல் நிற்க திண்டிவனம் வரைக்கும் ஆனது.

அப்பாடா

மறுநாள் முதல் பஸ். பிஸ்கட் டின் என் மடியில். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

டாக்டரம்மாவின் மேசைமேல் அதைத் திறந்து வைத்தேன். "பொய் சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன். மீதியைச் செண்பகம் சொன்னாள்: விரதம், எலும்பு, சபாபதி, எல்லாம்.

கன்னத்தில் அறைந்தது போலத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் டின்னுக்குள் பார்த்தார். ஒரு கேப்சூலை எடுத்துப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இது இவங்க உடம்புக்குள்ள போகவே இல்ல பாருங்க. அப்ப இந்த மருந்து தோத்துப் போகல. இன்னும் இது கேட்கும். நேத்து ராவெல்லாம் உங்க வீட்டம்மாவப் பத்திதான் நினைச்சுட்டிருந்தேன் சார்."

அதற்குப் பிறகுதான் திட்டினார். நன்றாகவே திட்டினார். கடைசியில், "மேல்தோல்தானே உங்களுக்குக் கஷ்டம்? அதப் பிரிச்சுத் தூரப் போட்டுட்டு, உள்ள இருக்கற பொடிய வாழைப்பழத்துல வச்சுக் கொடுத்திருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

ஒரு வார்த்தை. செண்பகம் முதல் நாளே சொன்ன அதே ஒரு வார்த்தை.

"இப்பவும் பிரிச்சே சாப்பிடுங்கம்மா, தப்பில்ல" என்று அவளிடம் சொன்னார்.

"வேணாம்மா" என்றாள் செண்பகம். "மாட்டு எலும்போ, மரத்துப் பிசினோ, முழுசா முழுங்கிடறேன். எனக்கு என் எலும்பு வேணும்."

யாரும் சொல்லிக்கொடுக்காமல்

வெள்ளை மாத்திரை ஏன் கைவிட்டது என்று கேட்டேன். "உடம்புக்குப் பழகிப் போச்சுங்களா?"

"உடம்பு இல்ல சார், கிருமி. இவங்க நெஞ்சுல கோடிக்கணக்கான கிருமி. அத்தனையும் ஒரே அச்சு இல்ல. அதுல ஏதோ ஒண்ணு ரெண்டு, பொறக்கும்போதே வெள்ளை மாத்திரைக்குச் சாகாததா பொறக்கும். யாரும் அதுக்குச் சொல்லிக்கொடுக்கல, தற்செயல். கூடவே சிவப்புக் கேப்சூல் இருந்தா அதையும் தீர்த்துடும். நீங்க அத நிறுத்திட்டீங்க. மத்ததெல்லாம் செத்துது. அந்த ஒண்ணு ரெண்டு மட்டும் பொழைச்சுது. காலியான இடம் பூரா அதோட பிள்ளைங்க. இப்ப உள்ள இருக்கறது எல்லாமே அந்த ஜாதி."

சொல்லிவிட்டு, "நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"பூச்சிமருந்துக் கடையிலங்க."

"அப்ப இது உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கணுமே! ஒரே மருந்த வருஷா வருஷம் அடிச்சா புழு என்ன ஆகுது?"

ஈர வேட்டியோடு நின்ற நாராயணசாமியின் முகம் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பாறைமுன் யாருமே பொய் சொல்லவில்லை. மருந்து மருந்தாகத்தான் இருந்தது. மாறினது புழு. வருஷக்கணக்காக அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, கம்பெனியையும் முதலாளியையும் விவசாயியையும் சந்தேகப்பட்டோமே தவிர, புழுவைச் சந்தேகப்பட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்டவன் படைத்த புழு படைத்தபடியேதானே இருக்கும்?

"உலகத்துல எல்லா உயிரும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா மாறி வந்துதுன்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார் டாக்டரம்மா. "அதுக்குக் கோடிக்கணக்கான வருஷம். கிருமிக்கு அஞ்சாறு மாசம் போதும். அதனால நம்ம கண்ணுக்குத் தெரியுது."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டுவிட்டேன். "நீங்களும் சாமி கும்பிடறவங்கதானே டாக்டர். இதையும் நம்பிக்கினு, அதையும் எப்படிங்க?"

அவர் சங்கிலியைத் தொட்டுக்கொண்டார். "எனக்கும் சில நாள் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். "ஏன் இப்படி வச்சாருன்னு நான் ஞாயிற்றுக்கிழமை கேக்கறேன். எப்படி நடக்குதுன்னு திங்கட்கிழமை வந்து மைக்ராஸ்கோப்ல பாக்கறேன். ஒண்ணுக்குப் பதில் கிடைக்கலைங்கறதுக்காக இன்னொண்ண பாக்காம இருக்க முடியுமா? வெளிய நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க."

மங்கையின் புத்தகம்

என் பெண் மங்கை அப்போது பத்தாவது. உயிர்கள் மாறி வந்த பாடத்தை அவள் சத்தமாகப் படித்தபோது, "பரீட்சைக்கு எழுது, மனசுல ஏத்திக்காதே" என்று சொல்லி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் நானே அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். பாதி புரியவில்லை. ஆனால் பாறையில் பதிந்த எலும்புகளின் படம் இருந்தது. வௌவால் இறக்கையையும் மனிதன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, எலும்புக்கு எலும்பு ஒத்துப்போவதைக் காட்டியிருந்தார்கள். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மங்கை, நம்ம திருவாமாத்தூர் கதையும் இதானே? கொம்பு இல்லாத பசுவுக்குக் கொம்பு வந்துது."

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "அது வேறப்பா. அதுல பசு வேண்டிக்கிச்சு, சாமி குடுத்தாரு. இதுல யாரும் வேண்டிக்கல. கொம்பு இல்லாதத புலி துன்னுடுச்சு, லேசா முளைச்சது பொழைச்சுக்கிச்சு."

"அப்ப துன்னப்பட்ட மாடெல்லாம்?"

"அது பாவம்தான்" என்றாள்.

எனக்கு அந்தப் பதிலில் ஒரு வலி இருந்தது. இன்றும் இருக்கிறது. சாகிறதும் பிழைக்கிறதுமாகவே இந்த உலகத்தை நடத்துகிற விதியை ஏன் வைத்தாய் என்று பூஜை மாடத்தில் நின்று கேட்டிருக்கிறேன். சாமி சொல்லவில்லை. நானும் கேட்பதை நிறுத்தவில்லை.

சபாபதி ஐயாவிடமும் சொன்னேன். "புழு மாறட்டும், கிருமி மாறட்டும், மனுஷன் மாறல" என்றார். மனிதனைப் பற்றி எனக்குச் சொந்தமாகத் தெரியாது, பார்த்துப் படித்தவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்றேன். ஆனால் புழுவைப் பற்றியும் என் வீட்டுச் சளியைப் பற்றியும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். அவருக்கு வருத்தம். இருந்தாலும் பஜனையில் எனக்கு வழக்கம்போலப் பக்கத்து இடம்தான் போட்டு வைத்தார்.

நாராயணசாமியைத் தேடிப் போய்ச் சொன்னதுதான் சுலபமாக இருந்தது. "அப்ப நீயும் யோக்கியன், நானும் யோக்கியன். புழுதான் கில்லாடி!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மறு பருவத்திலிருந்து மருந்தை மாற்றி மாற்றிக் கேட்டார்.

வேண்டாத சாட்சி

மெட்ராஸுக்கு அனுப்பிய சளியை வளர்த்துப் பார்த்துப் பதில் வர இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது. டாக்டரம்மா சொன்னபடியேதான்: வெள்ளை மாத்திரை கேட்காது, சிவப்பு கேட்கும். அதற்குள் செண்பகத்துக்கு மறுபடி ஊசி, கேப்சூல், வேறு இரண்டு மாத்திரை என்று தொடங்கிவிட்டார்கள். சிவப்பு மருந்து அவள் வியர்வையில்கூட இறங்கியது. வெள்ளை ரவிக்கையின் அக்குளில் ஆரஞ்சுக் கறை. துவைக்கும்போது அதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆனது. மாசா மாசம் சளியில் கிருமி இல்லை, இல்லை என்றே சீட்டு வந்தது. இடது நுரையீரல் கொஞ்சம் சுருங்கிப் போனதுதான். படி ஏறினால் இன்றைக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். ஆனால் பிழைத்தாள்.

அவள் தேறி வந்த அந்த வருஷத்திலேயே எனக்கு இருமல் வந்தது.

இந்தத் தடவை மறைக்கவில்லை. மூன்றாம் வாரமே போய் நின்றேன். அதே நோய். மங்கைக்கும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. அந்தச் சீட்டு வரும்வரை நான் சோறு தின்னவில்லை.

எனக்கும் சளியை மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை மாத்திரை இல்லாமல், செண்பகத்துக்குக் கொடுத்த அதே ஊசி, கேப்சூல் என்று தொடங்கிவிட்டார்கள். பதில் வந்த அன்று டாக்டரம்மா சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க கிருமியும் வெள்ளை மாத்திரைக்குச் சாகல சார்."

"எனக்கா? நான் அந்த மாத்திரைய வாழ்க்கையில தொட்டதே இல்லீங்களே!"

"அதத்தான் சொல்றேன். உடம்புக்குப் பழகிப் போச்சான்னு அன்னைக்குக் கேட்டீங்க. உங்க உடம்புக்கு அந்த மாத்திரை யாருன்னே தெரியாது. இது உங்க வீட்டம்மாகிட்ட பொழைச்ச கிருமியோட வாரிசு. அந்தக் குணத்தோடயே பொறந்து, அந்தக் குணத்தோடயே உங்க நெஞ்சுக்கு வந்திருக்கு."

நான் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார்டு போட்ட வாசகரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு அத்தாட்சி என் வலது நெஞ்சில் இருந்தது. என் விரதத்தால் பிழைத்த வம்சம் அது. என் மனைவியின் நெஞ்சில் நானே அதற்கு இடம் காலி செய்து கொடுத்தேன். அங்கே பெருகி என்னிடம் வந்தது. இதற்குமேல் நான் எதை மறுப்பது? சாமி இல்லை என்று அதனால் எனக்குத் தோன்றவில்லை. சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருந்தேன் என்று தோன்றியது. அது சாமி செய்த தப்பு இல்லை.

மறுநாள் காலை

அதுவரை நான் கேப்சூலைப் பிரித்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்ன வாழைப்பழ வழி. எவ்வளவு ஜாக்கிரதையாகப் பிரித்தாலும் பொடி கொஞ்சம் சிந்தும். விரல் சிவக்கும், தட்டு சிவக்கும்.

மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். வெறும் வயிறு. செண்பகம் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் மறு கையில் கேப்சூலுமாக வந்தாள். வாழைப்பழம் கொண்டுவரவில்லை.

"பழம் எங்க?"

"பழம் இல்ல."

"வீட்ல சீப்போட தொங்குதே."

"தொங்கட்டும். நேத்து தட்டுல எவ்ளோ பொடி ஒட்டிக்கினு இருந்துது தெரியுமா? கழுவி ஊத்தினது நான். அவ்ளோ கம்மியாத்தானே உள்ள போச்சு? அந்த ஒண்ணு ரெண்டு பொழைக்க அது போதாதா?"

நான் சாமி படத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றாள். "சொல்றதா இருந்தா என்னை சொல்லட்டும். நான்தான் இத்தினி மாசமா முழுசா முழுங்கினேன்."

வாங்கி நாக்கில் வைத்தேன். வழவழவென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிவ சிவா என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். தொண்டையில் ஒரு நொடி நின்று, இறங்கியது.

கண்ணைத் திறந்தால் அவள் சொம்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வாயத் தொறங்க."

"முழுங்கிட்டேன்டி. நான் சொன்னா நம்பமாட்டியா?"

"மாட்டேன். தொறங்க."

திறந்தேன்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன்.